ஜைத்தூனின் பேரன்

அத்தியாயம் பதினான்கு

"வாப்பா, இன்னைக்கு நீங்க அந்த மேடையில ஏறப் போறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடுறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். வெள்ளிக்கிழமை காலை. அல் கூஸில் அவள் நடத்தும் கார்கோ கடையில் பெட்டி கட்டும் ஆட்கள் இந்நேரம் வந்து நின்றிருப்பார்கள். கடைச் சாவி அவள் கைப்பையில் கிடந்தது. காத்திருக்கட்டும் என்று தம்பி வீட்டுக்கு வண்டியைத் திருப்பியிருந்தாள்.

செய்கு முகம்மது புது வெள்ளைச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். விழா சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகுதான். மருமகள் இஃப்பத் காலையிலேயே சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

"உள்ளே வா மொதல்ல. டீ குடி."

"பதில் சொல்லுங்க."

"போறேன்."

"போய்?"

"அவுக கேக்குறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"யார் பேரைச் சொல்லுவீங்க?"

கிழவர் ஏசியின் ரிமோட்டை எடுத்து, எதையும் அழுத்தாமல் திரும்ப வைத்தார்.

மூன்று நாளாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. சொந்த ஊரான கோரைப்பட்டினத்தில் ஒரு காலத்தில் மரக்கலம் ஓட்டிய கப்பல் தலைவர்கள் பதினோரு பேர். நகுதா என்பது அவர்களுக்குப் பட்டம். அந்தப் பதினோரு நகுதாக்களின் வாரிசுகள் துபாயில் ஒரு வம்ச சபை வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி நிரூபித்தால்தான் அதில் இடம். ஆண்வழி அறுபடாமல் வர வேண்டும். மருமகளாக வந்த பெண்களும் "நம்ம பொண்ணுங்க"ளாக இருக்க வேண்டும். ஜன்னத்தின் தம்பி ஹஸ்னைன் இரண்டு வருடமாக அந்தக் கதவைத் தட்டி, கடைசியில் திறக்கவைத்துவிட்டான்.

ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

செய்கு முகம்மதின் பாட்டனார் இஸ்மாயில் நகுதா. அவருடைய முதல் மனைவி ஆயிஷா, பதினோரு வீட்டுப் பெண், பிள்ளை இல்லாமலே இறந்துபோனாள். பிறகு அவர் ஓமனின் சலாலாவிலிருந்து ஒருத்தியைக் கப்பலில் கூட்டிவந்தார். அங்கே ஒரு பெரிய வீட்டில் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்புப் பெண். விடுதலை வாங்கிக் கொடுத்து, நிக்காஹ் செய்து, கூட்டிவந்தார். ஜைத்தூன். அவள் வயிற்றில் பிறந்தவர்தான் செய்கு முகம்மதின் வாப்பா. ஜைத்தூன் இருந்த இடத்தில் ஆயிஷா என்று போட ஹஸ்னைன் ஒப்புக்கொண்டான். ஆனால் குடும்பத்தின் மூத்தவர் சபையில் எழுந்து நின்று, அல்லாஹ்வின் மேல் ஆணையாக அதை வாயால் சொல்ல வேண்டும். அது அவர்கள் விதி.

"ஒரு பேர்தானே புள்ள," என்றார் கிழவர், தரையைப் பார்த்தபடி. "செத்தவுங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? உன் தம்பி ஆசைப்படுறான்."

"உங்களைப் பெத்தவரைப் பெத்தவங்க வாப்பா."

உள்ளறையிலிருந்து கருகல் வாடை வந்தது. தம்பி மகள் ஆமிராவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, சூடான இயந்திரத்தால் அவளுடைய சுருட்டை முடியை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள் இஃப்பத். பாதித் தலை தட்டையாகத் தொங்கியது. மறுபாதி காடு மாதிரி நின்றது.

"மாமி, ப்ளீஸ், மம்மிகிட்ட சொல்லுங்க. என் காது பர்ன் ஆகுது."

"ஆடாம இரு," என்றாள் இஃப்பத். பிறகு ஜன்னத்தைப் பார்த்து, "வாங்க மைனி. நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியும். இவளுக்கும் நாளைக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும் இல்லையா? உங்களுக்கு எவ்வளவு காலம் தள்ளிப்போச்சுன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, முடியையும் நிறத்தையும் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துபோனது ஒன்றுகூட மறக்கவில்லை. 

"அவங்க யாரும் திரும்ப வராததுக்கு நான் தினமும் அல்ஹம்துலில்லாஹ் சொல்றேன் இஃப்பத். வந்திருந்தா அந்த வீட்டுல உக்காந்து இப்ப நான் என் மக முடியைக் கருக்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப்போனாள்.

*

மதியம் ஜும்ஆ முடிந்து சற்று நேரத்தில் ஹஸ்னைன் கடைக்கே வந்துவிட்டான். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வழி இல்லை. பால்மாவு டின்களும் போர்வைகளும் நிரம்பிய பெட்டிகளைத் தாண்டித் தாண்டி, கோட்டு கசங்காமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

"லாத்தா, ஒரு உதவி. இன்னைக்கு ஹாலுக்கு வராதே."

"அழைப்புல குடும்பத்தோடன்னுதானே போட்டிருக்கு?"

"நீ வந்தா ஏதாவது பேசுவே."

"நான் பேசுறதுக்கு நீ ஏன் பயப்படுறே? உண்மையைத்தானே சொல்லப் போறீங்க?"

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். டேப் ஒட்டிக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா, ஊர்ல அந்தக் கல்யாணம்?" என்றான். "சஹன்ல உக்காந்தேன். நாலு பேர் ஒரு தட்டு. சோத்துல கை வைக்கப் போனப்ப ஒருத்தர் வந்து என் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டார். 'இது பதினோரு வீட்டார் தட்டுடா, நீ அந்தப் பக்கம் போ'ன்னார். கூட உக்காந்திருந்தவன் என் கிளாஸ்மேட். அவன் சிரிச்சான் லாத்தா."

ஜன்னத்துக்குத் தெரியும். அன்று பசியோடு வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு அவள்தான் முட்டை பொரித்துப் போட்டாள்.

"அந்தக் கிளாஸ்மேட் இப்ப சபையில செக்ரட்டரி. அவன் கையால எனக்கு பேட்ஜ் குத்தப் போறான். அது எனக்கு வேணும். தப்பா?"

"உன்னைத் தூக்கி விட்ட கையைப் பிடிச்சு முறிக்கணும்னு நீ சொல்லியிருந்தா, நான் உன் கூட நின்னிருப்பேன். நீ என்ன செய்யறே? அதே தட்டுல உக்காந்து நம்ம ஆளை நீயே தூக்கி விடுறே."

"அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆச்சு."

"அப்ப ஏன் அவுங்களைப் பாத்து இவ்வளவு பயம்?"

ஹஸ்னைன் எழுந்தான். முகம் இறுகியிருந்தது.

"கலாஸ். வராதே. அவ்வளவுதான்."

"யல்லா, நீ கெளம்பு. பேட்ஜ் குத்தற நேரத்துக்கு லேட்டாயிடப் போவுது."

அவன் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூத்த பையனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். 

"நீங்களே கடையைப் பூட்டிடுங்கப்பா. எனக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகணும்."

*

தேராவில் ஒரு ஹோட்டலின் பெரிய கூடம். முன்னால் ஆண்கள். பின்னால் பூத்தொட்டிகள் வைத்து மறைத்த பகுதியில் பெண்கள். அத்தர் வாசனையும் பிரியாணி வாசனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. மேடையில் ஒரு மரக்கலத்தின் பெரிய படம். அதன் கீழே பதினோரு பெயர்கள் தங்க எழுத்தில்.

ஜன்னத் உள்ளே நுழைந்ததும் இஃப்பத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆமிராதான் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மேடையில் வாப்பாவைத் தலைவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அந்த மரியாதை அவருக்குப் பழக்கமில்லாதது. நுனியில் உட்கார்ந்திருந்தார். ஹஸ்னைனின் நெஞ்சில் சபையின் பேட்ஜான வெள்ளி நங்கூரம் ஏற்கெனவே மின்னியது. ஆணை முடிந்த பிறகுதான் குத்த வேண்டும். படம் எடுப்பவர்களின் வசதிக்காக முன்கூட்டியே குத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

தலைவர் முகைதீன் தம்பி எழுந்தார். கனத்த உடம்பு, இனிப்பான குரல். கப்பல்களைச் சொன்னார், காற்றைச் சொன்னார், மலாக்கா முதல் ஏடன்வரை போன பெருமையைச் சொன்னார். ஜன்னத்துக்கே கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. இஸ்மாயில் நகுதா அவளுக்கும் பூட்டனார்தானே.

"இந்த துனியாவுல எத்தனையோ பேர் சொத்து சேத்துட்டாங்க," என்றார் தலைவர். "ஆனா நம்ம மாதிரி ரத்தத்தைக் காப்பாத்துனவங்க யாரு? நம்ம ஊர் மையவாடியில போய்ப் பாருங்க. பதினோரு வீட்டார் அடங்கியிருக்கிற அந்த மண்ணுல ஒரு அந்நியம் கிடையாது. வந்தாங்க, கேட்டாங்க, திருப்பி அனுப்பினோம். நம்ம முன்னோர் ஒரு மையத்தையே வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. அவ்வளவு சுத்தம்!"

ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது.

ஜன்னத் வாப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டவில்லை. முழங்கால்மேல் இருந்த இரண்டு கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

அந்த மையத்து, அந்த உடல், யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வாப்பா ஒரே ஒரு தடவை, அவள் உம்மா இறந்த அன்று, தன்னை மறந்து சொல்லியிருக்கிறார். மையவாடி வாசலில் இறக்கி வைத்த சந்தூக்குப் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, கடற்கரை மணலில் கால் புதையப் புதைய ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஆறு வயதுப் பிள்ளையாகப் பின்னால் நடந்தவர் அவர். அதில் கிடந்தவள் ஜைத்தூன்.

"ஹாஜி செய்கு முகம்மது அவர்கள் எழுந்து, தங்கள் வாப்பாவைப் பெற்றெடுத்த தாயார் யார் என்று அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்வார்கள்," என்று அறிவித்தார் தலைவர்.

அவர் எழுந்தார். மைக் அவர் உயரத்துக்கு இறக்கப்பட்டது.

"வல்லாஹி," என்றார். தொண்டையைச் செருமினார். "வல்லாஹி, என் வாப்பாவைப் பெத்த உம்மா பேரு ஜைத்தூன்."

யாரோ ஒருவர் இருமினார். தலைவர் சிரித்த முகத்தோடே அவர் பக்கம் சாய்ந்தார்.

"ஆயிஷான்னு சொல்ல வந்தீங்க..."

"இல்ல. ஜைத்தூன். சலாலாக்காரி. நீங்க இப்பச் சொன்னீங்களே, வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பினோம்னு. அது அவுகதான். நான் பின்னால நடந்து போனேன். கைதட்டுனீங்களே, எல்லாரும் நல்லாத் தட்டிக்குங்க."

கூடம் குழம்பியது. நாற்காலிகள் நகர்ந்தன. ஹஸ்னைன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மன்னிக்கணும்," என்றான். "எல்லாரும் மன்னிக்கணும். வாப்பாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. பேர் மாறிப்போகுது. டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுதான் இருக்கோம்."

அங்கங்கே "ஓ" என்ற முனகல் எழுந்தது. இரக்கத்தோடு தலைகள் ஆடின. தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டு, கிழவரின் தோளில் கை வைத்து உட்காரவைக்கப் பார்த்தார்.

வாப்பா மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு ஜன்னத்தால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்தாள். இஃப்பத் அவள் முந்தானையைப் பிடித்தாள். ஆமிரா தன் உம்மாவின் கையை விலக்கிவிட்டாள்.

"மாமி, போங்க."

பூத்தொட்டிகளைத் தாண்டி, ஆண்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒருவர் எழுந்து, "என்னம்மா இது, அந்தப் பக்கம் போங்க," என்றார். அவள் நிற்கவில்லை. படிகளில் ஏறினாள்.

"ஹாஜியார், கையை எடுங்க. அவர் விழுந்திட மாட்டார்."

தலைவர் கையை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் எதற்கு எடுத்தோம் என்று யோசித்த மாதிரி தெரிந்தது.

"ஞாபகம் சரியில்லையா இவருக்கு?" கூடத்தைப் பார்த்துக் கேட்டாள் ஜன்னத். "வாப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா? ஏதாவது சொல்லுங்க. இவங்க கேக்கட்டும்."

செய்கு முகம்மது மகள் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார்.

"உன் போனைக் குடு புள்ள."

"யாருக்கு வாப்பா?"

"குடு, சொல்றேன்."

கண்ணாடி போடாமலே எண்களை வாயால் சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஓமன் எண். ஜன்னத் அதைப் பார்த்ததே இல்லை.

"சத்தமா வை," என்றார்.

அவள் ஸ்பீக்கரைப் போட்டு மைக்கின் அருகே பிடித்தாள். மணி அடிக்கும் ஓசை கூடம் முழுக்க ஒலித்தது. இரண்டு தரம், மூன்று தரம். யாரோ சிரித்தார்கள். பிறகு எடுத்தார்கள்.

"யா செய்க்! யா அகூய்!"

வயதான ஒரு பெண்ணின் குரல். அரபியில், உடன்பிறந்தவனை அழைக்கும் உரிமையோடு. எதற்கு இந்த நேரத்தில் கூப்பிடுகிறாய், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அந்தக் குரல் படபடத்தது. வளைகுடாவிலேயே ஆயுளைக் கழித்த அந்தக் கூட்டத்தில் அது விளங்காதவர்கள் யாரும் இல்லை.

"நல்லா இருக்கேன் துஃபூல்," என்றார் வாப்பா, கடைக்காரர்களின் உடைந்த அரபியில். "ஒண்ணுமில்ல. இங்கே கொஞ்சம் பேர் இருக்காங்க. நீ யாருன்னு அவங்களுக்குச் சொல்லு."

"நான் யாரா? ஜைத்தூனின் மகள் வயிற்றுப் பேத்தி. நீ அவள் மகன் வயிற்றுப் பேரன். இதில் சொல்ல என்ன இருக்கிறது?"

ஜன்னத் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

வாப்பா அவளிடம் தமிழில், மெதுவாக, ஆனால் மைக்குக்குக் கேட்கும்படிதான் சொன்னார். "ஜைத்தூனை விட்டவங்க, அவுக பெத்த பொட்டப்புள்ளைய விடல. எஜமான் வீட்டுலயே வச்சிக்கிட்டாங்க. அந்தப் புள்ளையோட மவதான் இந்த துஃபூல். நான் துணி விக்கப் போனப்ப சலாலா சந்தையில கண்டுபிடிச்சேன். பெருநாளைக்குப் பெருநாள் பேசுறேன். உங்க உம்மா சொல்ல விடல. உங்க கல்யாணம் கெட்டுப்போவும்னு பயந்தா. நானும் பயந்தேன்."

பெண்கள் பகுதியில் யாரோ விசும்பினார்கள். யார் என்று தெரியவில்லை.

தலைவரின் குரலில் இனிப்பு போயிருந்தது. "அப்படின்னா உங்க மகன் பேரை நாங்க எடுத்துக்க முடியாது ஹாஜியார். சபைக்குன்னு ஒரு விதி இருக்கு."

"எடுத்துக்காதீங்க. என் பேரையும் கேக்காதீங்க. எனக்கு வம்சம் சொல்ற ஷஜரா வேணும்னா நான் சலாலாவுக்குப் போய்க்குவேன்."

கூடத்தில் கூச்சல் கிளம்பியது. அதற்குள் போனில் துஃபூலின் குரல் மறுபடி ஒலித்தது. கிழவிக்கு இந்தக் கூச்சல் ஏதோ விருந்துச் சத்தமாகப் பட்டிருக்க வேண்டும். உற்சாகமாகக் கேட்டாள்.

"செய்க், உன் மகன் அந்தக் காப்பை உன் கையில் கொடுத்தானா?"

வாப்பா போனைப் பார்த்தார். "என் மகனா?"

"போன மாதம் வந்தானே, ஹஸ்னைன். நல்ல பிள்ளை. என் மடியில் தலை வைத்து அழுதான். வாப்பா கேட்டார் என்றான். ஜைத்தூனின் வெள்ளிக் காப்பு. என் தாயின் கையில் அவள் போட்டுவிட்டுப் போன ஒற்றைக் காப்பு. உனக்குத்தானே என்று கழற்றிக் கொடுத்தேன். கொடுத்தானா?"

போன மாதம் மஸ்கட்டில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனவன் ஹஸ்னைன். ஜன்னத் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். நெஞ்சில் நங்கூரத்தோடு, அசையாமல் நின்றான். எல்லாம் தெரிந்தவன். போய்ப் பார்த்தவன், மடியில் அழுதவன். அதற்குப் பிறகும் இங்கே வந்து நின்றவன்.

"ஹஸ்னைன்," என்றாள். "காப்பு எங்கே?"

அவன் கண் அவள் பக்கம் வரவில்லை. வாப்பா பக்கமும் வரவில்லை. தலைவர் முகைதீன் தம்பியின் பக்கம் போய் நின்றது. தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு குனிந்து மைக்கின் சுவிட்சை அணைத்தார்.

"கூட்டம் முடிஞ்சுது," என்றார். "எல்லாரும் சாப்பிடப் போங்க."

ஒருவரும் எழவில்லை.

மகனின் கண் போன இடத்தைப் பார்த்துவிட்ட செய்கு முகம்மது செத்துப்போன மைக்கைக் கையால் ஒதுக்கித் தள்ளினார். மேடையின் விளிம்புக்கு வந்து நின்றார். நைஃப் சந்தையில் வாழ்நாளெல்லாம் கூவிக்கூவித் துணி விற்ற தொண்டை அது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

"துஃபூல், போனை வைக்காதே. நீயும் கேளு," என்று அரபியில் சொன்னார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, கடைசி வரிசைப் பெண்கள்வரை கேட்கும்படி தமிழில் கேட்டார்.

"ஹாஜியாரே, என் வாப்புமாவோட காப்பு உங்ககிட்ட என்ன செய்யுது?"